தண்டவாள வகைகள்

தண்டவாளம் என்பது தொடருந்து, டிராம் வண்டி, பாரந்தூக்கி முதலியவற்றின் சக்கரங்களைத் தாங்கி, அவற்றைக் குறித்த வழியில் செலுத்துவதற்காக இடப்படும் நீண்ட எஃகுச் சட்டம் ஆகும். இணையாக அமைந்த இரண்டு தண்டவாளங்கள், அவற்றைத் தாங்கும் குறுக்குக்கட்டைகள், அக்கட்டைகளின் அடியில் பரப்பப்படும் கருங்கல் சல்லி ஆகியவை சேர்ந்ததே இருப்புப்பாதை. எல்லாத் தண்டவாளங்களும் ஒரே தன்மை உடையவை அல்ல. குறுக்குவெட்டு வடிவம், எடை, எஃகின் தரம், இணைக்கப்படும் முறை, பயன்படும் இடம் ஆகியவற்றைக் கொண்டு அவை பல வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. இன்று வழக்கிலுள்ள வகைகளிற் பல, முன்னர் இருந்த ஏதேனும் ஒரு வகை உடைந்தோ, தேய்ந்தோ, இடம் பெயர்ந்தோ போனதன் விளைவாக உருவானவை.

பணியும் பகுதிகளும்

தண்டவாளத்தின் முதற்பணி சுமையைப் பகிர்ந்தளிப்பதாகும். 25 டன் அச்சுச்சுமை கொண்ட ஒரு சரக்குப்பெட்டியின் ஒவ்வொரு சக்கரமும் 12.5 டன் எடையைத் தண்டவாளத்தின் மீது செலுத்துகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் பரப்போ ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ. மட்டுமே. இவ்வளவு குறுகிய இடத்தில் விழும் சுமையைத் தண்டவாளம் அருகிலுள்ள பல குறுக்குக்கட்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டைகள் அதனைச் சல்லிக்கும், சல்லி அதனை நிலத்துக்கும் கடத்துகின்றன. சக்கரத்துக்கு வழிகாட்டுவது தண்டவாளத்தின் இரண்டாவது பணி. சக்கரத்தின் உட்புறத்தில் உள்ள விளிம்பு, தண்டவாளத்தின் உட்பக்கத்தை ஒட்டிச் செல்வதால் வண்டி பாதையை விட்டு விலகாது.

இன்றைய தண்டவாளம் மூன்று பகுதிகளைக் கொண்டது.

தலை: சக்கரம் உருளும் மேற்பகுதி. தேய்மானத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் தடிப்பாக அமைக்கப்படுகிறது.

இடைச்சுவர்: தலையையும் அடியையும் இணைக்கும் மெல்லிய செங்குத்துப் பகுதி. தண்டவாளத்துக்கு உயரத்தை அளித்து, அது வளையாமல் காக்கிறது.

அடி: கட்டைமீது அமரும் அகன்ற தட்டையான பகுதி.

சக்கரத்தின் உருளும் பரப்பு சற்றுக் கூம்பு வடிவானது. அதற்கேற்பத் தண்டவாளங்களும் செங்குத்தாக நிறுத்தப்படாமல் பாதையின் உட்புறம் நோக்கிச் சாய்த்து வைக்கப்படுகின்றன. இந்தியாவில் இச்சாய்வு 20 இல் 1 பங்கு ஆகும்.

வரலாறு

சுரங்கங்களில் நிலக்கரி ஏற்றிய வண்டிகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில் பாதைகள் மரச்சட்டங்களால் ஆனவை. மரம் விரைவில் தேய்ந்ததால் அதன்மீது இரும்புத் தகடுகள் அறையப்பட்டன. இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் 1767 இல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் வார்க்கப்பட்டன. அதன் பின்னர் இரண்டு முறைகள் போட்டியிட்டன. ஒன்று, விளிம்பு தண்டவாளத்திலேயே அமைந்த தகட்டுத் தண்டவாளம். இதில் சாதாரணச் சக்கரங்கள் ஓடின. மற்றது, விளிம்பு சக்கரத்தில் அமைந்த முனைத் தண்டவாளம். தகட்டுத் தண்டவாளத்தின் மூலையில் கல்லும் மண்ணும் சேர்ந்து சக்கரத்தைத் தடுத்தன. எனவே காலப்போக்கில் முனைத் தண்டவாளமே நிலைத்தது.

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் வளைக்கும் விசைக்கு எளிதில் முறியும். ரிச்சர்டு டிரெவிதிக்கின் நீராவிப்பொறி 1804 இல் வேல்சு நாட்டின் பெனிடாரன் பாதையில் இரும்பையும் ஆட்களையும் இழுத்துச் சென்று வெற்றி கண்டது. எனினும் பொறியின் எடையைத் தாங்காமல் அப்பாதையின் வார்ப்பிரும்புத் தகடுகள் உடைந்தன. பொறி ஆயத்தமாக இருந்தும் பாதை ஆயத்தமாக இல்லை. ஜோன் பெர்க்கின்சா 1820 இல் தேனிரும்பை உருளைகளுக்கு இடையே செலுத்தி 15 அடி நீளத் தண்டவாளங்களை உருவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1825 இல் திறக்கப்பட்ட ஸ்டொக்டன் - டார்லிங்டன் பாதையின் பெரும்பகுதியில் இத்தகைய தண்டவாளங்கள் இடப்பட்டன.

தேனிரும்பு முறியாவிட்டாலும் விரைவாகத் தேய்ந்தது, அடுக்கடுக்காக உரிந்தது. 1857 இல் ராபர்ட் மசெட் உருவாக்கிய எஃகுத் தண்டவாளம் ஒன்று டார்பி நிலையத்தில், போக்குவரத்து மிகுந்த இடத்தில் சோதனையாக இடப்பட்டது. அவ்விடத்தில் இரும்புத் தண்டவாளங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், சிலபோது மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டியிருந்தது. எஃகுத் தண்டவாளமோ பல ஆண்டுகள் நிலைத்தது. பெசமர் முறையால் எஃகின் விலை குறைந்ததும் இரும்புத் தண்டவாளங்கள் வழக்கொழிந்தன.

வடிவத்தின் அடிப்படையிலான வகைகள்

இருதலைத் தண்டவாளம்

மேலும் கீழும் ஒத்த தலைகளைக் கொண்டது. ஜோசப் லொக் 1830களில் இதனை அறிமுகப்படுத்தினார். மேற்தலை தேய்ந்தபின் தண்டவாளத்தைத் தலைகீழாகத் திருப்பி மறுதலையைப் பயன்படுத்தலாம் என்பது இதன் நோக்கம். நடைமுறையில் இது கைகூடவில்லை. தண்டவாளத்தைத் தாங்கிய வார்ப்பிரும்பு இருக்கைகள் கீழ்த்தலையை அழுத்திப் பள்ளங்களை உண்டாக்கின. திருப்பிப் போட்டபோது அப்பள்ளங்களின் மீது வண்டிகள் அதிர்வுடன் ஓடின.

எருதுத்தலைத் தண்டவாளம்

திருப்பிப் பயன்படுத்தும் எண்ணம் கைவிடப்பட்டதும், கீழ்த்தலையில் இருந்த மிகையான எஃகு மேற்தலைக்கு மாற்றப்பட்டது. மேலே பருத்தும் கீழே சிறுத்தும் தோன்றும் இவ்வடிவம் எருதுத்தலை எனப் பெயர் பெற்றது. இது தானாக நிற்காது. இருக்கையில் வைத்து மர ஆப்பால் இறுக்கப்பட வேண்டும். ஆப்புகள் தளர்ந்தால் தண்டவாளம் அசையும் என்பதால் நாள்தோறும் கண்காணிப்புத் தேவைப்பட்டது. பிரித்தானியாவில் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதுவே முதன்மை வகையாக விளங்கியது.

தட்டை அடித் தண்டவாளம்

இன்று உலகின் இருப்புப்பாதைகளிற் பெரும்பாலானவற்றில் உள்ளது இதுவே. அமெரிக்கரான ராபர்ட் ஸ்டீவன்சு 1830 இல் இதனை வடிவமைத்தார். இங்கிலாந்து நோக்கிய கப்பற் பயணத்தில் ஒரு மரத்துண்டில் இவ்வடிவத்தைச் செதுக்கிப் பார்த்தார் எனக் கூறப்படுகிறது. அக்காலத்தில் அமெரிக்காவில் இருக்கைகளை வார்க்கும் வசதி குறைவு, மரம் மிகுதி. அடி அகலமாக இருந்தால் இருக்கை இன்றியே மரக்கட்டைமீது ஆணியால் அறைந்துவிடலாம். இந்த எளிமையே இவ்வகையின் வெற்றிக்குக் காரணமாயிற்று. ஐரோப்பாவில் சார்லசு விக்னோல்சு இதனைப் பரப்பியதால் அங்கு விக்னோல்சு தண்டவாளம் எனவும் அழைக்கப்படுகிறது. உறுதி, பக்கவாட்டு நிலைப்பு, பராமரிப்புக் குறைவு ஆகியன இதன் நன்மைகள்.

கைவிடப்பட்ட வடிவங்கள்

பட்டைத் தண்டவாளம்: மரச்சட்டத்தின் மேல் மெல்லிய இரும்புப் பட்டை அறையப்பட்டது. தொடக்ககால அமெரிக்கப் பாதைகளில் செலவைக் குறைக்கப் பயன்பட்டது. ஆணி தளர்ந்தால் பட்டையின் முனை மேல்நோக்கிச் சுருண்டு, ஓடும் பெட்டியின் தரையைத் துளைத்துக்கொண்டு பயணிகளிடையே புகுந்தது. மக்கள் இதனைப் பாம்புத்தலை என்று அஞ்சினர்.

பாலத் தண்டவாளம்: கவிழ்த்த பள்ளம் போன்ற வடிவமுடையது. இசம்பார்டு புரூனல் தமது அகலப்பாதையில் நீள மரச்சட்டங்களின் மேல் இதனை இட்டார்.

பார்லோ தண்டவாளம்: மிக அகன்ற சரிவான அடியைக் கொண்டது. குறுக்குக்கட்டை இல்லாமல் நேரடியாகச் சல்லிமீது இடுவதற்காக 1849 இல் உருவாக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரத்தை நிலையாக வைத்திருக்க முடியாமையால் கைவிடப்பட்டது.

பள்ளத் தண்டவாளம்

தலையின் ஒரு பக்கத்தில் சக்கர விளிம்பு செல்வதற்கான பள்ளம் உடையது. வீதியின் மட்டத்துக்கு மேலே எழும்பாதவாறு பதிக்கப்படுவதால் பாதசாரிகளுக்கும் பிற வண்டிகளுக்கும் இடையூறு ஏற்படுவதில்லை. அல்போன்சு லூபா என்னும் பிரெஞ்சுக்காரர் 1852 இல் நியூயார்க் நகரில் இத்தகைய தண்டவாளத்தை இட்டார். மெல்பேர்ண் போன்ற டிராம் நகரங்களில் இதனைக் காணலாம்.

எடையின் அடிப்படையிலான வகைகள்

தண்டவாளத்தை அதன் ஒரு மீட்டர் நீளத்தின் எடையால் குறிப்பிடுவது வழக்கம். 60 கிலோ தண்டவாளம் என்றால் அதன் ஒரு மீட்டர் ஏறத்தாழ 60 கிலோகிராம் எடையுள்ளது என்பது பொருள். பிரித்தானிய முறையில் ஒரு கெசத்தின் எடை பவுண்டில் கூறப்பட்டது. இந்தியாவில் வழங்கிய முதன்மை வகைகள் வருமாறு:

60 ஆர்: கெசத்துக்கு 60 பவுண்டு, மீட்டருக்கு ஏறத்தாழ 29.8 கிலோ. மீட்டர் பாதைகளில் பயன்பட்டது.

75 ஆர்: மீட்டருக்கு ஏறத்தாழ 37.1 கிலோ. மீட்டர் பாதைகளில் பயன்பட்டது.

90 ஆர்: மீட்டருக்கு ஏறத்தாழ 44.6 கிலோ. அகலப்பாதைகளில் பயன்பட்டது.

52 கிலோ: உயரம் 156 மி.மீ., அடியின் அகலம் 136 மி.மீ. அகலப்பாதைகளில் பயன்படுவது.

60 கிலோ: உயரம் 172 மி.மீ., அடியின் அகலம் 150 மி.மீ. விரைவும் சுமையும் மிகுந்த முதன்மைப் பாதைகளில் இடப்படுகிறது.

எடை கூடக்கூடத் தாங்கும் அச்சுச்சுமையும் கூடும். பொறியின் அச்சுச்சுமை, ஒரு மீட்டர் தண்டவாளத்தின் எடையைப் போல் 510 மடங்குக்கு மேற்படலாகாது என்னும் எளிய விதி இந்தியப் பொறியியல் பாடநூல்களில் தரப்படுகிறது. இவ்விதிப்படி 90 ஆர் தண்டவாளம் ஏறத்தாழ 22.7 டன்னும், 52 கிலோ தண்டவாளம் 26.5 டன்னும், 60 கிலோ தண்டவாளம் 30.8 டன்னும் தாங்கும்.

பிற நாடுகளில் இதனினும் கனமானவையும் உண்டு. உருசியாவில் 65 கிலோ வகை பரவலாக வழங்குகிறது. சீனாவின் கனரக நிலக்கரிப் பாதைகளில் 75 கிலோ வகை இடப்பட்டுள்ளது. அமெரிக்காவின் பென்சில்வேனியா இருப்புப்பாதை கெசத்துக்கு 155 பவுண்டு, அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 77 கிலோ எடையுள்ள தண்டவாளத்தைப் பயன்படுத்தியது.

எஃகுத் தரத்தின் அடிப்படையிலான வகைகள்

ஒரே வடிவமும் எடையும் கொண்ட இரு தண்டவாளங்கள், எஃகின் தரத்தில் வேறுபடலாம். இந்தியாவில் முன்னர் சதுர மில்லிமீட்டருக்கு 72 கிலோகிராம் இழுவலிமை கொண்ட எஃகு பயன்பட்டது. பின்னர் அது 90 கிலோகிராமாக உயர்த்தப்பட்டது. இது 880 தரம் எனப்படும். இதில் 0.60 முதல் 0.80 விழுக்காடு கார்பனும், 0.80 முதல் 1.30 விழுக்காடு மாங்கனீசும் உண்டு. தர உயர்வின் பயன் கணிசமானது. 52 கிலோ தண்டவாளத்தின் ஆயுள் 72 தரத்தில் 350 மில்லியன் டன் போக்குவரத்து எனவும், 90 தரத்தில் 525 மில்லியன் டன் எனவும் இந்திய இரயில்வே நெடுங்காலம் கணக்கிட்டு வந்தது. 60 கிலோ, 90 தரத் தண்டவாளத்துக்கு இது 800 மில்லியன் டன்.

கூரிய வளைவுகளிலும் கனரகப் பாதைகளிலும் தலை கடினமாக்கப்பட்ட தண்டவாளங்கள் இடப்படுகின்றன. இவற்றின் தலைப்பகுதி மட்டும் சூடான நிலையிலிருந்து விரைவாகக் குளிர்விக்கப்படுகிறது. இதனால் தலை தேய்மானத்தை எதிர்க்கும். இடைச்சுவரும் அடியும் அதிர்வைத் தாங்கும் தன்மையை இழக்காது. தண்டவாளத்தை உற்பத்தி செய்த ஆலை, ஆண்டு, வகை, தரம் ஆகியன அதன் இடைச்சுவரில் புடைப்பெழுத்துகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

சிறப்புப் பயன் உடைய வகைகள்

நாக்குத் தண்டவாளம்: ஒரு பாதையிலிருந்து வண்டியை மற்றொரு பாதைக்குத் திருப்பும் இடத்தில் பயன்படுவது. இதன் முனை கூராகச் சீவப்பட்டு, நிலையான பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டியும் விலகியும் நகரும்.

குறுக்குவெட்டுத் துண்டு: இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் விளிம்பு செல்ல இடைவெளி விடவேண்டும். அவ்விடைவெளியைத் தாண்டும் ஒவ்வொரு சக்கரமும் எஃகை அடிக்கும். ஆகவே இத்துண்டு, ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882 ஆம் ஆண்டளவில் கண்டறிந்த, 12 விழுக்காட்டை ஒட்டிய மாங்கனீசு கொண்ட எஃகில் வார்க்கப்படுகிறது. அடிபட அடிபடக் கடினமாவது இவ்வெஃகின் சிறப்பு.

தடுப்புத் தண்டவாளம்: கூரிய வளைவுகளில் உட்புறத் தண்டவாளத்தை ஒட்டி இடப்படுகிறது. சக்கரம் வெளிப்புறத் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடாமல் காக்கிறது. பாலங்களில் இடப்படும் காவல் தண்டவாளத்தின் பணி வேறு. தடம்புரண்ட பெட்டி பாலத்திலிருந்து கீழே விழாமல் அது தடுக்கிறது.

மூன்றாம் தண்டவாளம்: சக்கரத்தைத் தாங்காமல் மின்சாரம் கொடுப்பதற்கு மட்டும் பாதையின் பக்கத்தில் அமைக்கப்படுவது. கொல்கத்தா, பெங்களூர் மெட்ரோ பாதைகளில் 750 வோல்ட்டு நேர்மின்சாரம் இதன்வழி அளிக்கப்படுகிறது. சென்னை மெட்ரோவில் இது இல்லை. அங்கு மேலே செல்லும் கம்பிவழி 25,000 வோல்ட்டு மின்சாரம் பெறப்படுகிறது. இலண்டன் சுரங்கப்பாதையில் மின்சாரம் திரும்புவதற்கென நான்காவது தண்டவாளமும் உண்டு.

பற்சட்டம்: செங்குத்தான மலைப்பாதைகளில் வழுவழுப்பான சக்கரம் வழுக்கும். எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட சட்டம் பொருத்தப்படுகிறது. பொறியின் பற்சக்கரம் இதனைப் பற்றி ஏறுகிறது. நீலகிரி மலை இருப்புப்பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்டின் முறைப்படி இரட்டைப் பற்சட்டம் இடப்பட்டுள்ளது. அங்கு ஏற்றம் ஏறத்தாழ 12 இல் 1 பங்கு. இரு சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று மாறி அமைந்திருப்பதால், எந்நேரமும் ஏதேனும் ஒரு பல் பிடியில் இருக்கும்.

பாரந்தூக்கித் தண்டவாளம்: துறைமுகங்களிலும் உருக்காலைகளிலும் பயன்படுவது. உயரம் குறைந்து, தலை அகன்று, இடைச்சுவர் தடித்துக் காணப்படும். வேகம் குறைவு, சுமை மிகுதி என்பதற்கேற்ற வடிவம் இது.

இலகு தண்டவாளம்: சுரங்கம், தோட்டம், செங்கற்சூளை போன்ற இடங்களில் தள்ளுவண்டிகள் ஓடுவதற்கு உதவும் எடை குறைந்த வகை.

இணைப்பின் அடிப்படையிலான வகைகள்

துண்டுத் தண்டவாளம்

இந்திய அகலப்பாதைத் தண்டவாளத்தின் மரபான நீளம் 13 மீட்டர். மீட்டர் பாதையில் 12 மீட்டர். இரு துண்டுகளும் பக்கத் தகடுகளாலும் மரைகளாலும் இணைக்கப்படுகின்றன. வெப்பத்தில் எஃகு விரிவடைவதால் இடையே சிறு இடைவெளி விடப்படுகிறது. 13 மீட்டர்த் தண்டவாளம் 40 பாகை செல்சியஸ் வெப்ப உயர்வில் ஏறத்தாழ 6 மி.மீ. நீளும். பயணிகளுக்குப் பழக்கமான தடக் தடக் ஓசை, சக்கரங்கள் இவ்விடைவெளிகளைத் தாண்டுவதால் எழுவது. இணைப்புகளே பாதையின் நலிந்த இடங்களும் ஆகும். மரைத்துளைகளைச் சுற்றி வெடிப்புகள் தோன்றுகின்றன. தண்டவாள முனைகள் நசுங்குகின்றன.

நெடும் பற்றவைப்புத் தண்டவாளம்

துண்டுகளைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கினால் இணைப்புகள் இல்லாமற் போகின்றன. ஹான்சு கோல்டுசிமிட் கண்டறிந்த தெர்மிட் முறை 1899 இல் செருமனியின் எசன் நகரில் டிராம் தண்டவாளங்களைப் பற்றவைக்கப் பயன்பட்டது. அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் வினைபுரிந்து உண்டாகும் உருகிய எஃகு, இரு முனைகளுக்கும் இடையே ஊற்றப்படுகிறது. தொழிற்சாலைகளில் மின்பொறிப் பற்றவைப்பு பயன்படுகிறது. பிலாய் உருக்காலை 260 மீட்டர் நீளமுள்ள பற்றவைத்த தண்டவாளங்களை அனுப்புகிறது.

இவ்வளவு நீளமான தண்டவாளம் வெயிலில் நீளாதா என்னும் ஐயம் எழலாம். கட்டுப்பாடின்றி விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 40 பாகை உயர்வில் 46 செ.மீ. நீளும். ஆனால் கனமான கொங்கிரீட்டுக் கட்டைகளும் சுற்றியுள்ள சல்லியும் அதனை இறுகப் பிடித்திருப்பதால், இரு முனைகளையும் அடுத்த பகுதி மட்டுமே அசைகிறது. நடுப்பகுதி நீள முடியாமல் உள்ளுக்குள் அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 60 கிலோ தண்டவாளத்தில் 40 பாகை உயர்வு உண்டாக்கும் விசை ஏறத்தாழ 75 டன். இவ்விசை தண்டவாளத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று. வெப்பநிலை மாற்றத்தையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் மட்டுமே பொறுத்தது. எனவே ஒரு கிலோமீட்டருக்கும் பத்துக் கிலோமீட்டருக்கும் விசை ஒன்றே.

சல்லி குறைந்த இடத்தில் இவ்விசை பாதையைப் பக்கவாட்டில் நெளித்துவிடக்கூடும். குளிர்காலத்தில் இதற்கு மாறாக இழுவிசை தோன்றி, பழுதான இடத்தில் தண்டவாளத்தை முறித்துவிடக்கூடும். இவ்விரண்டையும் தவிர்க்க, ஆண்டின் வெப்பநிலை ஏற்றத்தாழ்வுக்கு இடைப்பட்ட ஒரு வெப்பநிலையில் தண்டவாளம் பூட்டப்படுகிறது. கடுங்கோடையில் பாதையின் சல்லியைக் கிளறும் வேலைகள் தவிர்க்கப்படுவதும் இதனாலேயே.

குறைபாடுகளும் சோதனையும்

1911 ஆகத்து 25 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மான்செசுடர் என்னும் ஊரில் ஒரு தொடருந்து தடம்புரண்டு 29 பேர் உயிரிழந்தனர். முறிந்த தண்டவாளத்தை ஆராய்ந்தபோது, தலையின் உள்ளே வெளிக்குத் தெரியாத குறுக்கு வெடிப்பு இருந்தது தெரியவந்தது. கண்ணால் பார்த்துச் சோதிப்பது போதாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. எல்மர் இசுபெரி 1928 இல் உள்வெடிப்பைக் கண்டறியும் சோதனை வண்டியை உருவாக்கினார். பின்னாளில் மீயொலி அலைகளைச் செலுத்தி எதிரொலியைக் கேட்கும் முறை பரவியது. உருகிய எஃகில் தங்கும் ஐதரசனே இத்தகைய உள்வெடிப்புகளுக்கு முக்கிய காரணம் என அறியப்பட்டதால், இன்று வெற்றிட முறையில் அது அகற்றப்படுகிறது.

2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் நிகழ்ந்த விபத்து வேறு வகையான குறைபாட்டை வெளிப்படுத்தியது. சக்கரங்கள் தொடர்ந்து உருண்டதால் தண்டவாளத் தலையின் உள்மூலையில் நுண்ணிய வெடிப்புகள் பெருகியிருந்தன. விரைவுத் தொடருந்து ஒன்று கடந்தபோது தண்டவாளம் 300 இற்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. நால்வர் உயிரிழந்தனர். அவ்விடத்தின் பழுது முன்னரே அறியப்பட்டிருந்தது. மாற்றுவதற்கான தண்டவாளமும் கொண்டுவரப்பட்டிருந்தது. மாற்றும் வேலைதான் நடைபெறவில்லை. இதன்பின் வெடித்த மேற்படலத்தைச் சாணையிட்டு அகற்றும் முறை பல நாடுகளில் முதன்மை பெற்றது.

கருவிகள் பெருகிய போதிலும் இந்தியாவில் கீமேன் எனப்படும் பணியாளர் தமக்குரிய சில கிலோமீட்டர்ப் பாதையை நடந்து சென்று தண்டவாளங்களையும் பிடிகளையும் பார்வையிடும் வழக்கம் தொடர்கிறது.

மறுபயன்

தலை தேய்ந்த தண்டவாளம் முதன்மைப் பாதையிலிருந்து எடுக்கப்பட்டதும், வேகம் குறைந்த கிளைப்பாதைகளிலும் நிலைய ஓரப்பாதைகளிலும் இடப்படுகிறது. அதற்கும் உதவாதவை வேலித்தூண்களாகவும் கூரைத்தூண்களாகவும் பயன்படுகின்றன. கைவிடப்பட்ட பார்லோ தண்டவாளங்களைக் கொண்டு இங்கிலாந்தின் கிளிவ்டன் கடற்பாலம் கட்டப்பட்டு 1869 இல் திறக்கப்பட்டது. இலங்கையின் வடபகுதிப் பாதையில் போர்க்காலத்தில் தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகள் அமைக்கப் பயன்பட்டன. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான தொடருந்து சேவை, புதிய தண்டவாளங்கள் இடப்பட்டபின் 2014 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது.

இவற்றையும் பார்க்க

இருப்புப்பாதை
குறுக்குக்கட்டை
நீலகிரி மலை இருப்புப்பாதை
தெர்மிட் பற்றவைப்பு